60 காசு வளையமும் 280 வெள்ளிப் பெட்டியும்

மாணவர்களே, இந்த வாரம் கழிப்பறையைப் பற்றிப் பேசப் போகிறோம். வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னாலே பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பும். சிரித்து முடித்தவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

கடந்த பள்ளி விடுமுறையில் லுமுட்டில் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவரிடம் ஒரு படகு இருக்கிறது. தூண்டில் போடுகிறவர்களைப் புலாவ் செம்பிலான் பக்கம் அழைத்துப் போவார். சில வேளைகளில் புலாவ் ஜாராக் வரை போய், இரவு கடலில் தங்கி மறுநாள் திரும்புவார். பத்துப் பேர் ஒன்றரை நாள் படகில் இருந்தால் கழிப்பறை இல்லாமல் முடியாது. அந்தக் கழிப்பறைதான் கெட்டுப்போயிருந்தது.

"நீ சைன்ஸ் டீச்சர்தானேம்மா, வந்து இதக் கொஞ்சம் பாரேன்" என்றார் மாமா. பாதி கேலி, பாதி கவலை. கைப்பிடி இறுகிப் போயிருந்தது. இழுத்தாலும் தண்ணீர் சரியாக வரவில்லை. எப்படியோ கழிவை வெளியேற்றினாலும், பத்து நிமிடத்தில் அழுக்குத் தண்ணீர் மீண்டும் கோப்பைக்குள் வந்து நின்றது. கடையில் கேட்டபோது உதிரிபாகங்கள் அடங்கிய பெட்டி 280 வெள்ளி, வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் என்று சொன்னார்களாம். முழுப் பம்பையே மாற்றினால் அதைவிடப் பல மடங்கு. படகோட்டம் குறைந்த மாதம் அது. "கழட்டி வீசிட்டு ஒரு வாளிய வெச்சிடலாம்னு பாக்குறேன்" என்றார்.

வாளி என்றால் என்ன அர்த்தம்? கழிவு நேரே கடலுக்குப் போகும், பல சமயம் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே. பெரிய கப்பல்களுக்கு இதில் உலகப் பொது விதி உண்டு. மார்போல் ஒப்பந்தத்தின் நான்காம் பிற்சேர்க்கை என்று அதற்குப் பெயர். சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் போய்த்தான், அதுவும் படகு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் வெளியேற்ற வேண்டும். மாமாவின் படகு அந்த விதிக்குள் வரும் அளவுக்குப் பெரியதல்ல. ஆனாலும் கழிவுக்கு ஒரு தொட்டி வைத்திருக்கிறார். கழிப்பறை போய் வாளி வந்துவிட்டால் அந்தத் தொட்டிக்கு வேலை இல்லை. பேராக் கடலோரச் சேற்றில் வளர்கிற கெராங் சிப்பிகள் தண்ணீரை வடிகட்டித்தான் உணவு தேடுகின்றன. தண்ணீரில் இருக்கும் கிருமிகளும் அவற்றின் உடலில் சேரும். இரவுச் சந்தையில் நீங்கள் அரைவேக்காட்டில் சாப்பிடும் கெராங்கை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நான் சொல்லவில்லை.

சரி, அந்தப் பம்ப் எப்படி வேலை செய்கிறது? ஓர் உருளை, அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். கைப்பிடியை மேலே இழுத்தால் பிஸ்டனுக்குக் கீழே அழுத்தம் குறைகிறது. கோப்பையில் இருப்பது உருளைக்குள் வருகிறது. அதே இழுப்பில், பிஸ்டனுக்கு மேலே இருக்கும் கடல்நீர் கோப்பைக்குள் தள்ளப்படுகிறது. கைப்பிடியைக் கீழே அழுத்தினால் கழிவு வெளிக்குழாய்க்குள் போகிறது. மேற்பக்கம் புதிய கடல்நீர் வந்து நிரம்புகிறது. ஒரே பிஸ்டன், இரண்டு பக்கமும் வேலை. மின்சாரம் கிடையாது, கணினிச் சில்லு கிடையாது.

போன கழிவு திரும்பி வராமல் தடுப்பது ஒரு சிறிய ரப்பர்த் துண்டு. வாத்தின் அலகு போலக் குவிந்து, நுனியில் பிளவுகளோடு இருக்கும். படகுக்காரர்கள் இதை ஜோக்கர் வால்வு என்பார்கள். படிவம் 3 அறிவியலில் இதயத்தைப் படித்தபோது இஞ்சாப் என்று ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? ரத்தம் முன்னே போகும்போது திறக்கும், பின்னே வர முயன்றால் மூடும். இதுவும் அதே வேலைதான். இதயத்தில் அது கெட்டால் மருத்துவமனை. படகில் கெட்டால் கோப்பையில் அழுக்குத் தண்ணீர்.

மாமாவும் நானும் பம்பைக் கழற்றினோம். கையுறை போட்டுக்கொண்டுதான். உருளையின் உட்சுவரிலும் அந்த ரப்பர் வால்விலும் சாம்பல் வெள்ளை நிறத்தில் கல் போல ஒன்று ஒட்டியிருந்தது. திருப்புளியால் கீறினால் மாவாக உதிர்ந்தது.

இந்தக் கல் எங்கிருந்து வந்தது? ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 0.4 கிராம் கால்சியமும் 1.3 கிராம் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சிறுநீரில் பாஸ்பேட்டும் யூரியாவும் உண்டு. இரண்டும் குழாயில் தேங்கி நின்றால் பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். பிஎச் மதிப்பு உயரும். காரத்தன்மை கூடியதும் கால்சியம், மக்னீசியச் சேர்மங்கள் கரைந்த நிலையில் இருக்க முடியாமல் திண்மமாகப் படிகின்றன. உப்புத் தயாரிப்புப் பாடத்தில் வீழ்படிவு என்று எழுதுகிறோமே, அதேதான். இங்கே சோதனைக்குழாய்க்குப் பதில் கழிவுக்குழாய்.

இது சின்னப் படகுகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கக் கடற்படையின் ஜெரால்டு ஆர். ஃபோர்டு என்ற விமானந்தாங்கிக் கப்பலில் 4,000 பேருக்கு மேல் பயன்படுத்தும் கழிப்பறை அமைப்பு எதிர்பாராமல் அடிக்கடி அடைத்துக்கொண்டது. குழாய்களை அமிலம் ஊற்றி அலச வேண்டியிருந்தது. ஒரு தடவை அலச ஏறத்தாழ 4 லட்சம் டாலர் ஆகிறது என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2020-இல் அறிக்கை கொடுத்தது. மாமாவிடம் சொன்னேன். அன்று முழுக்க முகமலர்ச்சியோடு இருந்தார்.

நாங்கள் செய்தது வினிகரில் ஊறவைத்ததுதான். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். ஓர் இரவு ஊறியதும் மெல்லிய படிவு கரைந்தது, தடித்தது இளகியது. குழாயில் தடித்துப் போன படிவுக்குப் படகுக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: குழாயைக் கழற்றிச் சிமெண்டுத் தரையில் ஓங்கி அடிப்பது. உள்ளே இருக்கும் கல் நொறுங்கிக் கொட்டிவிடும். அறிவியல் ஆசிரியைக்கு இது கொஞ்சம் காட்டுத்தனமாகத் தெரிந்தது. ஆனால் வேலை நடந்தது.

ஓர் எச்சரிக்கை. அமிலத்தையும் வெளுப்பான் திரவத்தையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வரும். சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு வெளுப்பான் சேர்ந்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு. காற்றோட்டமில்லாத படகு அறையில் இது விளையாட்டல்ல. வீட்டுக் குளியலறைக்கும் இதே விதிதான்.

இனி அந்த வளையத்துக்கு வருவோம். பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஓ-ரிங் என்பார்கள். பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்து, தண்ணீரும் காற்றும் ஒழுகாமல் தடுப்பது அதுதான். மாமாவின் பம்ப் நீரை இழுக்காததற்கு அந்த வளையம் தேய்ந்ததே காரணம். 280 வெள்ளிப் பெட்டியில் இதுவும் ஒன்றாக வரும். ஆனால் அதன் அளவு பெட்டியில் இருக்காது, கையேட்டிலும் இருக்காது. தயாரிப்பாளரின் பாக எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு அவரிடம் மட்டுமே வாங்க முடியும்.

உண்மையில் உலகத்தில் இருக்கும் பெரும்பாலான ஓ-ரிங்குகள் சில பொதுத் தர அளவுகளில் வருகின்றன. அமெரிக்காவுக்கு ஏஎஸ் 568 என்ற தரம், ஜப்பானுக்கு ஜேஐஎஸ் பி 2401. நமக்குத் தெரிய வேண்டியவை மூன்று: உள்விட்டம், வளையத்தின் தடிமன், எந்த வகை ரப்பர். இவை தெரிந்தால் டிராக்டருக்கும் ஹைட்ராலிக் இயந்திரத்துக்கும் சீல் விற்கிற எந்தக் கடையிலும் வாங்கலாம். செம்பனைத் தோட்டங்கள் இருக்கிற நம் பக்கத்து ஊர்களில் அப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை.

பள்ளியில் அங்குப் வெர்னியர் என்று படிக்கிறோமே, அந்தக் கருவியை எடுத்துப் பழைய வளையத்தை அளந்தேன். தடிமன் 3.1 மில்லிமீட்டர். கடைக்குப் போனேன். ஜப்பானியத் தரத்தில் ஜி வரிசை வளையம் சரியாக 3.1 மில்லிமீட்டர். 60 காசு. பெருமையோடு கொண்டுவந்து மாட்டினேன். பம்ப் முன்பு போலவே மூச்சுவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு உறுத்தியது.

என் தவறு என்ன தெரியுமா? ரப்பர் பல ஆண்டு நசுங்கியே இருந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது, நிரந்தரமாகத் தட்டையாகிவிடும். நான் அளந்தது தேய்ந்து தட்டையான வளையத்தை. அளந்திருக்க வேண்டியது அது உட்காரும் பள்ளத்தை. உருளையின் உள்விட்டத்திலிருந்து பள்ளத்தின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தேன். இடைவெளி 3.1. அந்த இடைவெளியில் 3.1 வளையம் சும்மா உட்கார்ந்திருக்கும், சுவரை அழுத்தாது. கொஞ்சம் தடிப்பாக இருந்து நசுங்கினால்தான் அடைப்பு. ஜப்பானியத் தரத்தின் பி வரிசையில் 3.5 மில்லிமீட்டர் இருக்கிறது. 0.4 மில்லிமீட்டர் நசுங்கும், அதாவது பதினொரு விழுக்காடு. மறுபடியும் கடைக்குப் போனேன், மறுபடியும் 60 காசு.

இந்தத் தடவை கடைத் தவுக்கே மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: எண்ணெய்க்கா, தண்ணீருக்கா? ஒரு வேதியியல் பாடமே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எல்லா ரப்பரும் ஒன்றல்ல. நம் பாட்டிமார் பால்மரம் சீவி எடுத்த இயற்கை ரப்பர் இழுவைக்கு அருமையானது. ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். நைட்ரில் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், வெயிலையும் ஓசோனையும் அவ்வளவாகத் தாங்காது. இபிடிஎம் என்ற ரப்பர் வெயில், சுடுநீர், நீர்த்த அமிலம் எல்லாவற்றையும் தாங்கும். பெட்ரோலிய எண்ணெயில் மட்டும் ஊதிப்போகும். மாமா கைப்பிடி இறுகும்போதெல்லாம் வாசலின் தடவியிருக்கிறார். வாசலினும் பெட்ரோலியப் பொருள்தான். நைட்ரில் வளையத்துக்கு அதனால் தீங்கில்லை. இபிடிஎம் பாகங்களுக்கு அது மெல்ல விஷம். எந்தப் பாகம் எந்த ரப்பர் என்று தெரியாத நிலையில் சிலிகான் கிரீஸ் வாங்குவதே புத்திசாலித்தனம்.

வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே அளவு ரப்பர் பேண்ட் இரண்டை எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதைப் பழைய இயந்திர எண்ணெயிலும் ஒரு வாரம் ஊறவைத்து நீளத்தை அளந்து பாருங்கள். கையுறை போட மறக்க வேண்டாம்.

பம்பின் அடியில் இருந்த தட்டை கேஸ்கெட்டுக்கு 8 வெள்ளிக்கு ரப்பர்த் தகடு வாங்கி, பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு வெட்டினோம். ஜோக்கர் வால்வை மட்டும் அசல் தயாரிப்பாகவே, தனியாக 38 வெள்ளிக்கு வாங்கினோம். அந்த வாத்தலகின் வளைவையும் பிளவையும் கத்திரிக்கோலால் செய்ய முடியாது. வினிகருக்கு 6 வெள்ளி. நான் வீணாக்கிய வளையத்தையும் சேர்த்து மொத்தம் 53 வெள்ளி 20 காசு.

அப்படியானால் எல்லாவற்றையும் மலிவாக வாங்கலாமா? கூடாது. படகின் அடிப்பக்கத்தில் கடல்நீர் உள்ளே வர ஒரு துளையும் அதில் ஒரு வால்வும் இருக்கும். சீகாக் என்பார்கள். கழிப்பறைக்கு நீர் கொண்டுவரும் குழாய் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் விட்டம். அந்தத் துளை நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்து, குழாய் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீரின் வேகம் 2gh என்பதன் வர்க்கமூலம், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர். உராய்வை விட்டுவிட்டால் நிமிடத்துக்கு 53 லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 3 டன்னுக்கு மேல். கழிவுக்குழாய் 38 மில்லிமீட்டர். அதற்கு எவ்வளவு வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். விட்டம் இரு மடங்கு, பரப்பு எத்தனை மடங்கு?

குழாய் கழலாமலே கூட ஆபத்து உண்டு. கோப்பை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், குழாயில் நிற்கும் நீர் சைஃபன் முறையில் கடலைத் தானாக உள்ளே இழுக்கும். மீன் தொட்டித் தண்ணீரை ரப்பர்க் குழாயால் இறைப்போமே, அது. தொட்டியில் இரண்டு பக்க மட்டமும் சமமானதும் ஓட்டம் நிற்கும். படகில் நிற்காது, ஏனென்றால் நீர் ஏற ஏறப் படகும் தாழ்ந்துகொண்டே போகும். இதைத் தடுக்கக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்துக் கொண்டுபோய், உச்சியில் காற்றை விடும் ஒரு குட்டி வால்வு வைப்பார்கள். உப்புப் படிகம் அதை அடைத்துவிடும். வெந்நீரில் கழுவினால் சரியாகிவிடும், செலவே இல்லை. செய்யாமல் விட்டால் படகு போகும். 1945 ஏப்ரலில் யூ-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஸ்காட்லாந்துக்கு அருகே கழிப்பறைக் கோளாறால்தான் அழிந்தது. உள்ளே புகுந்த கடல்நீர் மின்கலங்களில் பட்டுக் குளோரின் வாயு கிளம்பியது. மேலே வந்தே ஆக வேண்டிய நிலை. வந்ததும் தாக்கப்பட்டது.

ஆகவே சீகாக் வாங்கும்போது பித்தளை வேண்டாம். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்நீரில் துத்தநாகம் மெல்ல அரித்து வெளியேறிவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில் பொரபொரப்பான செம்பு, கையால் தட்டினாலே உடையும். கடலுக்கேற்ற வெண்கலம் விலை கூடுதல். அங்கே கஞ்சத்தனம் கூடாது. குழாயை இறுக்கும் கிளிப்பும் அப்படித்தான். பட்டை துருப்பிடிக்காத எஃகாக இருக்கும், திருகாணி மட்டும் மட்டமான இரும்பாக இருக்கும். கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். திருகாணி காந்தத்தில் பலமாக ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். ஒட்டவில்லை என்பதற்காக அது மிக உயர்ந்த எஃகு என்று ஆகிவிடாது. மட்டமானதைக் கழிக்க இந்தச் சோதனை போதும்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உதிரிபாகத்தின் அளவையும் ரப்பர் வகையையும் கையேட்டில் அச்சிட வேண்டும் என்று தயாரிப்பாளர்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் சலவை இயந்திரங்களுக்கு 10 ஆண்டும் குளிர்ப்பெட்டிகளுக்கு 7 ஆண்டும் உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்தப் பட்டியலில் படகுக் கழிப்பறை இல்லை. இருந்தாலும் பாகம் கிடைப்பது வேறு, மலிவாகக் கிடைப்பது வேறு. பாகத்தின் அளவு தெரிந்தால்தான் விலை இறங்கும்.

மாமாவின் மெக்கானிக் அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "டீச்சர், கண்டவங்க கண்ட வளையத்தப் போட்டு நடுக்கடல்ல நின்னா யார் பொறுப்பு? ஒரிஜினல் போட்டா நிம்மதி" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நானே முதல் தடவை தப்பான வளையத்தைத்தானே போட்டேன்? ஆனால் நான் தவறியதற்குக் காரணமே சரியான அளவு எங்கும் எழுதப்படாததுதான். மறைத்து வைப்பதால் பாதுகாப்பு கூடவில்லை, ஊகம்தான் கூடியது.

பள்ளியிலும் குறை இருக்கிறது, ஆசிரியை என்ற முறையில் அதில் எனக்கும் பங்குண்டு. வெர்னியர் அளவியில் படத்தைப் பார்த்து வாசிப்பு எழுதச் சொல்கிறோம். எஸ்பிஎம் தேர்வில் அது போதும். கையில் தேய்ந்த வளையத்தைக் கொடுத்து, இதற்குப் புதியது எந்த அளவில் வாங்குவாய் என்று நான் ஒரு மாணவரையும் கேட்டதில்லை. இந்தத் தவணை கேட்டேன். படிவம் 4 மாணவர்களில் நால்வர் என்னைப் போலவே வளையத்தை அளந்தார்கள். ஒரு மாணவி மட்டும், "டீச்சர், இது எங்க போய் உக்காரும்? அதக் காட்டுங்க" என்றாள்.

மாமாவின் பம்ப் இப்போது நன்றாக ஓடுகிறது. படிவு மறுபடி வராமலிருக்க ஒரு கணக்குப் போட்டோம். பம்பிலிருந்து தொட்டி வரை 38 மில்லிமீட்டர் குழாய் 2 மீட்டர் நீளம்; அதற்குள் 2.27 லிட்டர் நிற்கும். வாளியில் அளந்து பார்த்ததில் ஓர் இழுப்புக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பயணிகள் மூன்று தடவை இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குழாய் முழுக்கச் சிறுநீர் தேங்கி நிற்கிறது. ஆகவே மாமா மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் 12 இழுப்பு என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டார். கரைக்கு வந்ததும் ஒரு வாளி நன்னீர் ஊற்றி இழுக்கிறார். கடல்நீரில் கிலோவுக்கு 2.7 கிராம் சல்பேட் உண்டு. தேங்கினால் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடாக்கி அழுகிய முட்டை நாற்றம் கிளப்பும். நன்னீரில் அந்த வேலை நடக்காது.

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். பக்கத்துப் படகுக்காரரின் பம்பும் ஒழுகுகிறதாம். "வளையம் அளவு என்னன்னு சொன்னேம்மா, அவனுது வேற மாடலாம். அந்த அளவுகோல எப்ப எடுத்துட்டு வர்ற?" என்று கேட்டார்.